மடக்குக் கத்தியும் மனைப் பட்டறையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். எனக்கு முன்னே பேசிய அறிஞர்கள் காப்பியச் சுவையை எடுத்துரைத்தார்கள். மொழியின் தொன்மையை விளக்கினார்கள். நானோ ஏட்டில் கற்றது குறைவு. கையால் செய்து கற்றது சிறிது உண்டு. ஆதலின் என் கை அறிந்த பொருளையே நாவும் பேசட்டும் என்று துணிந்தேன். அப்பொருள், சட்டைப் பையில் அடங்கும் மடக்குக் கத்தி. அதனை வீட்டிலேயே பழுது பார்ப்பது எவ்வாறு, நம் கைக்கு ஏற்ற வண்ணம் திருத்திக்கொள்வது எவ்வாறு, எந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பனவற்றைச் சொல்ல விழைகிறேன்.

"தமிழ்ச் சங்கத்து மேடையில் கத்திக்கு என்ன வேலை?" என்று சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். அன்பர்களே, கத்திக்கும் தமிழ் எழுத்துக்கும் உள்ள உறவு பழைமையானது. ஏட்டில் எழுதிய காலத்தில், பனையோலையை நறுக்கி வாருவதற்குக் கத்தி வேண்டும். எழுதுவதற்கு எழுத்தாணி வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து, மரத்தாலோ தந்தத்தாலோ மாட்டுக் கொம்பாலோ செய்த பிடிக்குள் மடங்கி அடங்குமாறு அமைத்தார்கள் நம் முன்னோர்கள். அதற்கு மடக்கெழுத்தாணி என்று பெயர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் வாழ்க்கை வரலாற்றில் இதனை விளக்கியிருக்கிறார். மேல்நாட்டிலும் இதே கதைதான். இறகை எழுதுகோலாகக் கொண்ட நாளில், அதன் நுனியைச் சீவுவதற்கென்று ஒரு சிறு கத்தியை வைத்திருந்தார்கள். அதனாலேயே அது பேனாக்கத்தி ஆயிற்று. இறகுப் பேனா மறைந்தது. பெயர் மட்டும் நம் வீடுகளில் நிலைத்துவிட்டது. ஆகவே புலவர் பெருமக்கள் அமர்ந்த மேடைக்குக் கத்தி புதிய விருந்தாளி அன்று!

இனி என் கதைக்கு வருகிறேன். என் தந்தையார் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறி இந்தக் குண்டலுபேட்டைக்குப் பிழைக்க வந்தபோது, அவரிடம் இருந்தவை இரண்டு வேட்டி, ஒரு போர்வை, இடுப்பு வாரில் ஒரு மடக்குக் கத்தி. சந்தையில் வாங்கிய சாதாரணக் கத்தி. துருவேறும் எஃகினால் ஆகிய அலகு. கொம்பினால் ஆகிய பிடி. வாழைத் தோட்டத்தில் இலை அறுத்ததும், வெங்காய மூட்டையின் தையலைப் பிரித்ததும், எங்களுக்குப் பென்சில் சீவித் தந்ததும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் தாயாருக்குப் பாக்கு நறுக்கிக் கொடுத்ததும் அந்த ஒரே கத்திதான். தந்தையார் மறைந்த பின் அது என் கைக்கு வந்தது.

அதை நான் காத்த அழகைக் கேளுங்கள். ஒரு நாள் வண்ணக் குழம்பு நிறைந்த தகர டப்பாவின் மூடியை அந்தக் கத்தியின் முனையால் நெம்பினேன். கத்தி அறுப்பதற்கு உரியது, நெம்புவதற்கு உரியதன்று. முனை ஒரு நெல்மணி அளவு ஒடிந்து தெறித்தது. உடனே நண்பர் ஒருவரின் பட்டறைக்கு ஓடினேன். அங்கே மின்சாரத்தால் சுழலும் சாணைச் சக்கரம் இருந்தது. கூர்ப்பக்கத்தைச் சக்கரத்தில் வைத்து வளைத்துத் தேய்த்து, சில நொடிகளில் ஊசிபோல் ஒரு புதிய முனையை உண்டாக்கிவிட்டேன். முனையருகே மயில் கழுத்தைப் போன்ற நீல நிறம் படர்ந்தது. அதனையும் ஓர் அழகென்று எண்ணி மகிழ்ந்தேன். மடக்கிப் பார்த்தபோது, முனை பிடிக்குள் முழுதும் அடங்காமல் ஓர் அரிசியின் தடிப்பளவு வெளியே நின்றது. அதனை நான் கவனிக்கவில்லை. மேசை அறையில் போட்டு மூடினேன்.

மறுநாள் என் மகள், அப்போது 8 வயதுக் குழந்தை, பென்சில் எடுக்க அந்த அறைக்குள் கைவிட்டாள். மடக்கிய கத்திதானே என்று அதனை ஒதுக்கித் தள்ளியிருக்கிறாள். விரலில் 3 தையல் போட நேர்ந்தது. என் மனைவி அந்தக் கத்தியைக் குப்பையில் எறியச் சொன்னாள். அவள் சொன்னதில் தவறில்லை. என் தாயார் மட்டும் அதனை எடுத்து ஒரு பழந்துணியில் சுற்றித் தம் பெட்டியில் வைத்துக்கொண்டு, "கத்தி என்ன செய்யும், சாமி? தீட்டின கையல்லவா பார்த்துத் தீட்டியிருக்க வேண்டும்?" என்றார். பதறிய காரியம் சிதறும் என்பார்கள். என் பதற்றத்திற்குக் குழந்தையின் விரலல்லவா விலை கொடுத்தது!

நாணத்தோடு அந்தத் துணிச் சுருளைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊர்ப்புறத்தில் உலை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் கன்னடம் பேசுபவர். என் கன்னடம் சந்தைக் கன்னடம். பட்டறைச் சொற்கள் தெரியா. ஆனால் அவர் கத்தியைக் கையில் வாங்கி, "அலகு" என்றார். நான் திடுக்கிட்டேன். பிடியைத் தொட்டு "ஹிடி" என்றார். அரத்தைக் காட்டி "அர" என்றார். சாணைக்கல்லைச் "சாணெ" என்றார். நம் பகரம் அவர்களிடம் ஹகரமாயிற்று, வேறென்ன வேறுபாடு? நாம் உருக்கு என்பதை அவர்கள் உக்கு என்கிறார்கள். அந்தச் சொல்தான் வெள்ளையர் வாயில் 'ஊட்ஸ்' என்று திரிந்து, தென்னாட்டு எஃகின் பெயராக உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் பாரடே, மின்சார ஆராய்ச்சியால் புகழ் பெறுவதற்கு முன், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளருடன் சேர்ந்து இந்த எஃகின் இரகசியத்தை ஆராய்ந்தார். ஈரோட்டை அடுத்த கொடுமணலில், நொய்யற்கரையில், பண்டை நாளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. கருவிப் பெட்டிக்குள் மாநில எல்லை இல்லை என்பதை அன்று அந்தப் பட்டறையில் உணர்ந்தேன்.

அம்முதியவர் கூறிய முதற்பாடம் இது. மடக்குக் கத்தியை மூடும்போது கூர்ப்பக்கம் பிடியின் பள்ளத்திற்குள் இறங்குகிறது; முதுகு வெளியே நிற்கிறது. ஆகவே ஒடிந்த முனையைச் சீர்செய்பவன் முதுகைத்தான் அரத்தால் தேய்த்துச் சரித்து, முனையைக் கூர்ப்பக்கம் நோக்கித் தாழ்த்த வேண்டும். கூர்ப்பக்கத்தைத் தேய்த்தால் முனை முதுகின் உயரத்திற்கு ஏறிவிடும். மூடிய பின்னும் வெளியே நின்று கையைக் கிழிக்கும். நான் செய்த பிழை அதுவே. மூடிய கத்தியின்மேல் ஒரு பழந்துணியை இழுத்துப் பாருங்கள். ஒரு நூலிழைகூடச் சிக்காமல் வந்தால் அது பையில் வைக்கத் தக்க கத்தி. சிக்கினால் தகாத கத்தி. இந்த ஒரு சோதனையை நான் முன்பே அறிந்திருந்தால் என் குழந்தையின் விரல் தப்பியிருக்கும்.

இரண்டாவது பாடம், அந்த நீல நிறத்தைப் பற்றியது. எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோலின் மஞ்சள் நிறமும், பின் ஊதா நிறமும், ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசில் நீல நிறமும் தோன்றும். கத்தி அலகு நீலம் பாய்ந்தால் அவ்விடத்தில் துவைச்சல் போயிற்று என்று பொருள்; எத்தனை முறை தீட்டினாலும் கூர் நில்லாது. ஆகவே வீட்டில் தீட்டுவோர் மின்சாரச் சக்கரத்தை நாடாது, நீர் தெளித்த கல்லையும் பொறுமையையும் நாடுக. நல்வினையாக, என் கத்தியில் நீலம் பாய்ந்த பகுதியும் முனையைத் தாழ்த்துவதற்காகத் தேய்க்க வேண்டிய பகுதியும் ஒன்றாகவே இருந்தன. முதியவர் அரத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் தாம் அமர்ந்துகொண்டார். இரண்டு மாலைப்பொழுது தேய்த்தேன்.

மூன்றாவது பாடம் நுட்பமானது. அலகின் அடியில், கூர் தொடங்கும் இடத்தில், ஒரு சிறிய முட்டு இருக்கும். கத்தியை மூடும்போது அந்த முட்டுத்தான் முதுகுவில்லின்மேல் அமர்ந்து, கூரானது வில்லின்மேல் மோதாமல் தடுக்கிறது. முனை மயிரிழை அளவே வெளியே நின்றால் அந்த முட்டினைச் சிறிது அராவினால் போதும். அலகு தாழ்ந்து அடங்கும். அளவு மீறி அராவினாலோ, ஒவ்வொரு முறை மூடும்போதும் கூர் வில்லில் இடித்து மழுங்கும். ஆகையால் இரண்டு முறை அராவுக. நான்கு முறை மூடிப் பார்க்க.

இனி, ஒவ்வொரு வீட்டிலும் செய்யத் தக்க எளிய பணிகளைக் கூறுகிறேன்.

முதலாவது, துப்புரவு. கத்தி இறுகித் திறக்கவில்லை என்றால் வில் கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் சட்டைப் பையின் பஞ்சும் வெல்லப் பிசுக்கும் பழச்சாறும் சேர்ந்த அழுக்கே காரணம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, மூங்கிற் சிம்பினால் பள்ளத்தைச் சுரண்டி, நன்றாக உலர்த்துங்கள். துரு இருந்தால் மண்ணெண்ணெயில் ஊற வைத்து, மெல்லிய உப்புத்தாளால் அலகின் நீளவாக்கில் தேயுங்கள். சுழலாணியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் அங்கே வேண்டா. நம் ஊர் மார்கழிக் குளிரில் அது புட்டியிலேயே உறைவதைத் தாய்மார்கள் அறிவார்கள். அலகின்மேல் துடைப்பதற்கு அது நல்லது. உண்ணும் பொருளை அறுக்கும் கத்திக்கு அதுவே ஏற்றது. எலுமிச்சையோ மாங்காயோ அறுத்தவுடன் துடைத்துவிடுங்கள். புளிப்பு எஃகைக் கறுக்கச் செய்யும்.

இரண்டாவது, கூர் தீட்டுதல். ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் வழவழப்பும் உள்ள ஒரு தீட்டுக்கல் போதும். பக்கத்திற்கு 20 டிகிரி அளவு சாய்வு நன்று. இதனை அளக்கக் கருவி வேண்டா. அரை அங்குல அகலமுள்ள அலகானால், அதன் முதுகு கல்லிலிருந்து 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்திருந்தால் அந்தச் சாய்வு வந்துவிடும். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து கூரை நோக்கிப் பெருவிரலை மெல்ல வழித்தால் அது தட்டுப்படும். கூரின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது. பிசிறு எழுந்த பின்னரே பக்கம் மாற்ற வேண்டும். இறுதியில் பழைய தோல் இடைவாரின் உட்புறத்தில், முதுகு முன் செல்லக் கூர் பின் வர, பத்துப் பதினைந்து முறை வழித்தால் பிசிறு அகலும். செய்தித்தாளை அறுத்துப் பாருங்கள். ஓசையின்றி அறுந்தால் வேலை முடிந்தது.

மூன்றாவது, பிடி மாற்றுதல். இதுவே கத்தியை நம்முடையதாக ஆக்கும் பணி. பிளாஸ்டிக்குப் பிடி உடைந்துவிட்டதா? தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குத் துண்டோ பலாமரத் துண்டோ போதும். உள்தகட்டில் முன்னரே உள்ள துளைகளை வழிகாட்டியாகக் கொண்டு மரத்தைத் துளையுங்கள். பித்தளைக் கம்பியை ஆணியாக நறுக்கிப் பொருத்தி, சிறு சுத்தியலால் தலையைப் பரப்புங்கள். ஓங்கி அடிக்கும் ஓர் அடியால் மரம் பிளக்கும். மெல்லத் தட்டும் நூறு அடியால் ஆணி மலரும். சுழலாணியை இறுக்கும்போது அலகிற்கும் தகட்டிற்கும் இடையே ஒரு மெல்லிய தாளைச் செருகிக்கொள்ளுங்கள்; இறுக்கிய பின் அதனை உருவிவிட்டால், அலகு ஆடாமலும் இறுகாமலும் திரும்பும். முதுகுவில் விசையோடு நிற்பதாகையால், ஆணியைக் கழற்றும்போது துள்ளித் தெறிக்கக்கூடும். கண்ணாடி அணியாமல் இவ்வேலையைத் தொடாதீர்கள். பிடியைக் கைக்கேற்பத் திருத்துவதும் இப்போதே. என் தாயாரின் விரல்கள் முடக்கு வாதத்தால் மடங்கியவை. அவருக்கென ஒரு சிறு கத்திக்கு உருண்டு பருத்த பிடி ஒன்று அமைத்தேன். கடையில் விற்கும் கத்தி எல்லார் கைக்கும் பொதுவானது. வீட்டில் திருத்திய கத்தியோ ஒருவர் கையை நினைந்து செய்தது.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகுவில் விரிசல் கண்டாலோ, திறந்த அலகு உறுதியின்றித் தானே சாய்ந்தாலோ அந்தக் கத்தியின் பணி முடிந்தது, அதனை ஒதுக்கிவிடுங்கள். பூட்டில்லாத மடக்குக் கத்தி வில்லின் வலிமையால் மட்டுமே திறந்து நிற்கிறது. அந்த வலிமை போனால் விரலின்மேல்தான் மூடும். பிரான்சு நாட்டில் 1890-இல் பிறந்த ஓபினெல் கத்திக்கு, அலகை நிறுத்தும் வளையப் பூட்டு ஒன்றை 1955-இல் சேர்த்தார்கள் என்றால், அந்தக் குறை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்று: இளைஞர்களே, கத்தியை விசையால் பாயும்படி மாற்றுவதும் அலகை நீட்டுவதும் நம் வேலை அன்று. உத்தரப் பிரதேசத்து இராம்பூரின் கைவினைஞர்கள் பெருந்திறமையோடு மடக்குக் கத்தி செய்தார்கள். ஆனால் அக்கத்தி திரைப்படங்களில் போக்கிரியின் கைப்பொருளாகிப் பழி சுமந்தது; கட்டுப்பாடுகள் வந்தன; தொழிலும் நலிந்தது. கருவிக்குப் பழி வந்தால் அதைச் செய்த கைக்கும் சோறு போகும் என்பதற்கு அவ்வூரே சான்று.

இதற்கு மாறான ஒரு கதையும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வேலையின்றி மக்கள் பிற நாடுகளுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த காலத்தில், கார்ல் எல்சனர் என்னும் கத்தித் தொழிலாளர் 1884-இல் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். தம் நாட்டுப் படைவீரர் வைத்திருக்கும் கத்தி அயல்நாட்டிலிருந்து வருவானேன், அதனை இங்கேயே செய்தால் இங்குள்ளோர்க்கு வேலை கிடைக்குமே என்று எண்ணி, பிற தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டு 1891-இல் படைக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். 1909-இல் அவருடைய தாயார் விக்டோரியா அம்மையார் மறைந்தபோது, அத்தாயின் பெயரையே தம் தொழிலுக்குச் சூட்டினார். பின்னர் 1921-இல் துருவேறா எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல்லும் சேர்ந்து, அது விக்டோரினாக்ஸ் ஆயிற்று. பிழைப்பிற்காக ஊர் பெயர்ந்து வந்த நமக்கு இக்கதையின் பொருள் நன்கு விளங்கும். ஒரு சிறு கத்தியும் ஊரார் ஊரிலேயே வாழ வழி செய்யக்கூடும். ஒரு தாயின் பெயரையும் தாங்கி நிற்கக்கூடும்.

அன்பர்களே, என் தந்தையாரின் கத்தி இதோ என் கையில் இருக்கிறது. முன்னைவிட ஒரு விரல் நுனி அளவு குறுகிவிட்டது. ஆனால் கூர் நிற்கிறது; மூடினால் முனை அடங்குகிறது. இதன் முதுகைத் தேய்த்த அந்த இரு மாலைகளிலும் எனக்கு ஓர் எண்ணமே ஓடியது. முனை ஒடிந்தபோது முதுகுதான் தேய்ந்து கூரினைக் காக்கிறது. வாழைத் தோட்டத்திலும் வெங்காயக் களத்திலும் வளைந்த எங்கள் தந்தையர் முதுகும் அவ்வாறு தேய்ந்ததுதானே? அவர்கள் தேய்ந்ததனால் அன்றோ நாம் இன்று பந்தலிட்டு விழாக் கொண்டாடுகிறோம்?

என் மகள் இப்போது கல்லூரியில் பயில்கிறாள். கத்தியைக் கண்டு அஞ்சுவாள் என்று எண்ணினேன். சென்ற கோடை விடுமுறையில் அவளே தீட்டுக்கல்லை எடுத்து வந்து, "சொல்லிக் கொடுங்கள், அப்பா" என்றாள். தழும்புள்ள அதே விரலால் பிசிறைத் தடவிப் பார்த்து, "இப்போது பக்கம் மாற்றலாமா?" என்று கேட்டாள். எனக்கு உடனே மறுமொழி கூற வாய் எழவில்லை.

முடிவாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். எனக்குக் கற்பித்த முதியவருக்கு இன்று கை சற்றே நடுங்குகிறது. அவருடைய மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார்கள். அவர் கண் தெளிவாக இருக்கும்போதே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நம் சங்கத்துத் திண்ணையில் ஒரு மேசை போடுவோம். இரண்டு தீட்டுக்கல், இரண்டு அரம், ஒரு சுத்தியல், ஒரு புட்டி எண்ணெய், இவ்வளவே முதல். குடியிருப்புத் தாய்மார்கள் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் கொண்டு வரட்டும். வளர்ந்த பிள்ளைகள் பெரியோர் அருகிருக்கக் கற்கட்டும். அவர் கன்னடத்தில் சொல்லட்டும். நம் பிள்ளைகள் தமிழில் புரிந்துகொள்ளட்டும். அலகுக்கு அலகு என்றே இரு மொழியும் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

அப்பெரியவர் என் அழைப்பை ஏற்று, இதோ இப்பந்தலின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அனைவரும் ஒருமுறை திரும்பி அவருக்குக் கைகூப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.